மூத்தவள் யார்? தூத்துக்குடிக்கு ஓர் ஊசிப் பயணம்

இந்த வலைப்பூவில் இதுவரை அருவி, மலை, கடற்கரை என்றுதான் எழுதியிருக்கிறேன். இந்த முறை நான் போனது என் முகத்துக்காக. ஈஸ்டர் முடிந்து இரண்டாவது சனிக்கிழமை, மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு, ஒருவரிடமும் சொல்லாமல் கிளம்பினேன். முகச்சுருக்கத்துக்கு ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று யோசிப்பவர்கள் என் வாசகர்களில் சிலராவது இருப்பீர்கள். அவர்களுக்காக விவரங்களை எழுதுகிறேன். நடுநடுவே என் வயிற்றெரிச்சலும் வரும். அதைத் தாண்டிப் படிக்க வழியில்லை, பயணமே அதனால் கிளம்பியதுதான்.

என் அக்கா ஸ்டெல்லாவுக்கு ஐம்பத்து நான்கு வயது. எனக்கு நாற்பத்தொன்பது. பெயர்களை மாற்றியிருக்கிறேன், வயதை மாற்றவில்லை. அவள் தூத்துக்குடியிலேயே, நாங்கள் பிறந்த தெருவுக்கு அடுத்த தெருவில், மாடி வீட்டில் இருக்கிறாள். அத்தான் கப்பலில் சீஃப் என்ஜினியர். நான் மதுரையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்காவுக்கு முடி இன்னும் அடர்த்தி, குரல் நன்றாக இருக்கும், கோயில் பாடல் குழுவில் முன்வரிசை. இதெல்லாம் எனக்குப் பழகிப்போன பொறாமைகள். முகம்தான் புதிது. நான்கைந்து வருடமாக அவள் முகம் நின்ற இடத்திலேயே நிற்கிறது, என் முகம் மட்டும் நடந்துகொண்டே இருக்கிறது.

பொங்கல் கழிந்த வாரம் அவள் மகள் ஷைனிக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. எங்கள் கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பங்களில் பெரியவர்கள் ஆசீர்வதிப்பது என்றால் கட்டைவிரலால் நெற்றியில் சிலுவை போடுவதுதான். பட்டும் படாமலும் தொட்டால் அதை யாரும் ஆசீர்வாதமாகச் சேர்க்க மாட்டார்கள். அழுத்தி, மேலிருந்து கீழே ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு. நிச்சயத்தன்று மாப்பிள்ளை பெண்வீட்டுப் பெரியவர்களிடம் ஒவ்வொருவராக வந்து தலைகுனிவார். மூத்தவரிடம்தான் முதலில் போக வேண்டும். அத்தான் அப்போது கடலில் இருந்தார். எங்கள் வீட்டில் அக்காவைவிட மூத்தவர்கள் யாரும் இப்போது இல்லை. அதனால் முதல் சிலுவை அக்காவுடையது. அவள் விரலை நீவிக்கொண்டு தயாராக நின்றாள்.

மாப்பிள்ளை ஜெரோம் மணப்பாட்டுப் பையன். நேராக நடந்து வந்து என் முன்னால் தலைகுனிந்தான். அக்கா பக்கத்தில் நிற்கிறாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, போட்டுவிட்டேன். மாப்பிள்ளையின் பெரியப்பா வேறு சத்தமாக, "மூத்தவிய இவியதானா? ரொம்பச் சந்தோசம்" என்று எனக்குக் கும்பிடு போட்டார். கூடம் முழுக்கக் கேட்டது. அதன் பிறகு எடுத்த எல்லாப் படங்களிலும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறேன்.

பந்தி முடிந்ததும் அக்காவிடம் நேராகவே கேட்டேன், முகத்துக்கு என்ன செய்கிறாய் என்று. "ஒண்ணுமில்லளா, தெனமும் மீன் திங்கேன்லா, அதான்" என்றாள். நானும்தான் தின்கிறேன். மறுநாள் காலையில் அவள் போனிலிருந்து நிச்சயப் படங்களை எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தபோது மேலே ஒரு குறுஞ்செய்தி எட்டிப் பார்த்தது. தோல் மருத்துவமனை ஒன்றிலிருந்து, அடுத்த ஊசிக்கான நாளை நினைவூட்டி வந்திருந்தது. மருத்துவமனையின் பெயரை மனதில் எழுதிக்கொண்டேன். கல்யாணம் மே மாதக் கடைசியில். அதற்குள் என் முகம் தங்கச்சி முகமாக ஆகிவிட வேண்டும். என் லட்சியம் அவ்வளவுதான்.

இனி பயணம். மாட்டுத்தாவணியில் காலை ஐந்தரை மணிப் பேருந்து. அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகச் சுமார் 140 கிலோமீட்டர். எட்டே முக்காலுக்குப் புதிய பேருந்து நிலையத்தில் இறங்கினேன். எதிரில் இட்லி, வடை, காபி எல்லாம் சேர்த்து 85 ரூபாய். ஊரில் அக்காவின் சிநேகிதிகள் நிறைய. அதனால் பெரிய கறுப்புக் கண்ணாடியும் முகக்கவசமும் போட்டிருந்தேன். ஆட்டோக்காரரிடம் மருத்துவமனை இருக்கும் தெருவை மட்டும் சொன்னேன்.

"அந்த ஊசி டாக்டரா, எக்கா?" என்றார் அவர்.

"இல்லை, பக்கத்தில்."

"கல்யாண சீசன்ல தெனமும் நாலு சவாரி அங்கனதான். போவும்போதும் கண்ணாடி போட்டுட்டுப் போறாவ, வரும்போதும் கண்ணாடி போட்டுட்டு வாராவ. என்ன மாறுச்சின்னு நமக்குத் தெரியவே மாட்டேங்கு."

நான்கு கிலோமீட்டருக்கு 120 ரூபாய் வாங்கினார். பேரம் பேசினால் நூறுக்கு வருவார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று முதலில் வேறோர் இடத்துக்குப் போனேன். அழகு நிலையமும் மருத்துவமனையும் கலந்த மாதிரி இருந்தது. வாசலில் தள்ளுபடிப் பலகை. உள்ளே ஒரு பெண், என் முகத்தைச் சரியாகப் பார்க்காமலேயே, "ஃபுல் ஃபேஸ் பேக்கேஜ் போட்ருங்க மேடம், பதினெட்டாயிரம்" என்றாள். டாக்டர் எங்கே என்றேன். "டாக்டர் புதன்கிழமைதான் வருவாரு. நானே போட்டுருவேன், அவ்வளவும் நாந்தான் போடுதேன்." என்ன மருந்து என்று கேட்டதற்கு, "கொரியாலேர்ந்து வருது" என்பதற்கு மேல் பதில் இல்லை. பர்ஸை வண்டியில் மறந்துவிட்டதாகச் சொல்லி வெளியே வந்தேன். வண்டி என்று எனக்கு ஒன்றும் கிடையாது.

அங்கிருந்து அக்காவின் மருத்துவமனை நடக்கிற தூரம். காத்திருப்பு அறையில் காயல்பட்டினத்துப் பெண் ஒருவர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைவிட நிச்சயம் மூத்தவர். "லாத்தா, நீங்க மொதத் தடவையா?" என்று ஆரம்பித்தார். லாத்தா என்றால் அவர்கள் பேச்சில் அக்கா. இங்கேயும் நான்தான் அக்காவா என்று உள்ளே சுருக்கென்றது. அவருக்குக் கண்ணுக்குக் கீழே பள்ளம். போன முறை அதை நிரப்ப ஃபில்லர் போட்டிருக்கிறார். "நாலு நாளு வீங்கிக் கெடந்துச்சு. மாப்புள சவுதிலேர்ந்து வீடியோல கூப்பிட்டாக. தேனீ கொட்டிருச்சுன்னுட்டேன். அதுக்கப்புறம் நல்லாருக்கு, அல்ஹம்துலில்லாஹ்." மாப்புள என்றது அவர் கணவரை. அவர் கண்ணுக்குக் கீழே நன்றாகத்தான் இருந்தது. அவர் மீதும் கொஞ்சம் பொறாமைப்பட்டு வைத்தேன்.

டாக்டர் ஒரு பெண், நாற்பதுக்குள் இருப்பார். ஆலோசனைக் கட்டணம் 600. கையில் கண்ணாடியைக் கொடுத்து, புருவத்தைத் தூக்கச் சொன்னார், முறைக்கச் சொன்னார், சிரிக்கச் சொன்னார். முறைக்கச் சொன்னபோது அக்காவை நினைத்துக்கொண்டேன், நன்றாக வந்தது. பிறகு பொறுமையாக ஒவ்வொன்றாகச் சொன்னார். எனக்குப் புரிந்ததை அப்படியே தருகிறேன்.

போடாக்ஸ் தசையைத் தளர வைக்கிற மருந்து. நெற்றி வரி, இரண்டு புருவத்துக்கு நடுவில் விழும் கோடு, சிரிக்கும்போது கண்ணோரம் விரியும் கோடுகள் ஆகியவற்றுக்கு இதுதான் முதல் தேர்வு. போட்ட அன்று ஒன்றும் தெரியாது. சில நாளில் ஆரம்பித்து இரண்டு வாரத்தில் முழுப் பலன் தெரியும். மூன்று நான்கு மாதத்தில் போய்விடும், மறுபடியும் போட வேண்டும். முக்கியமான விஷயம், இதற்கு மாற்று மருந்து கிடையாது. பிடிக்கவில்லை என்றால் தானாகப் போகும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அங்கே யூனிட் 350 ரூபாய். என் நெற்றிக்கும் புருவ நடுவுக்கும் முப்பது யூனிட், ஆக 10,500.

ஃபில்லர் வேறு ஜாதி. அது ஜெல். கன்னம் ஒட்டிப்போனது, மூக்கோரம் விழும் மடிப்பு, கண்ணுக்குக் கீழே பள்ளம் போன்ற குழிகளை நிரப்புகிறது. போட்ட உடனே தெரியும், கூடவே வீக்கமும் கன்றலும் சில நாள் இருக்கும். ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருடம் வரை நிற்கலாம். ஹைலூரானிக் ஆசிட் வகையாக இருந்தால் பிடிக்காதபோது இன்னோர் ஊசி போட்டுக் கரைத்துவிடலாம். ஆனால் தவறி ரத்தக்குழாய்க்குள் போனால் தோல் கெட்டுவிடும், மிக அபூர்வமாகக் கண் பார்வைக்கே ஆபத்து. அதனால் கை பழகிய டாக்டரிடம் மட்டும் போங்கள். ஒரு மில்லி 24,000 ரூபாய் என்றார். எனக்குக் கன்னத்துக்கு இரண்டு மில்லி தேவைப்படுமாம். அதைக் கேட்டதும் என் கன்னம் இன்னும் ஒட்டிப்போனது.

மூன்றாவது, சால்மன் மீனின் டிஎன்ஏயிலிருந்து எடுக்கும் ஒரு மருந்து. தோலின் தரம் கூடும் என்கிறார்கள். ஒரு தடவைக்கு 12,000, மூன்று தடவையாவது வர வேண்டும். "இது புதுசு. எனக்கே இன்னும் முழு நம்பிக்கை வரல. உங்களுக்கு மீன் அலர்ஜி இருக்கா?" என்று கேட்டார் டாக்டர். தூத்துக்குடியில் பிறந்தவளிடம் கேட்கிற கேள்வியா அது! உடனே அக்கா சொன்ன பதில் ஞாபகம் வந்தது. தினமும் மீன் தின்கிறாளாமே, ஒருவேளை இந்த மீன்தானோ என்று தோன்றியது.

என் கையில் இருந்த பணத்துக்குப் போடாக்ஸ் மட்டும்தான். நெற்றியில் மரத்துப்போகிற களிம்பைத் தடவி என்னை வெளியே உட்கார வைத்தார்கள். அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். களிம்பு தடவியவர்கள் கண்ணாடி, முகக்கவசம் எதுவும் போட முடியாது. சரியாக அப்போது கதவைத் திறந்துகொண்டு அக்கா உள்ளே வந்தாள்.

"ஏளா பிலோ! நீ இங்கன என்ன செய்யுத?"

"நீ என்ன செய்யுத? மீன் வாங்க வந்தியோ?"

காயல்பட்டினத்து அம்மா கையிலிருந்த பத்திரிகையைத் தாழ்த்திக்கொண்டு எங்களைப் பார்த்தார். அக்கா என் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள். புதிதாக இன்னும் ஏதோ போட்டுக்கொள்ள வந்திருக்கிறாள், கல்யாணத்தன்று மகளுக்குத் தங்கச்சி மாதிரி நிற்கப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். வயிறு எரிந்தது.

"கரைக்க வந்தேன்" என்றாள்.

"என்னத்த?"

"கன்னத்துல போட்டத. கரைச்சிரலாமாம். நெத்தில போட்டதத்தான் ஒண்ணும் செய்ய முடியாதாம். போன மாசந்தான் பழக்கத்துல போட்டுத் தொலைச்சேன், கல்யாணம் முடியுத வரைக்கும் போவாதாம்." அவள் குரல் உடைந்தது. நெற்றி மட்டும் அமைதியாக இருந்தது. "எனக்கு இருக்கது ஒரே மவ. அவ நிச்சயத்துல மாப்பிள ஒன் முன்னால போய்க் குனியுதான். பெத்தவ நான் பக்கத்துல பொம்ம கணக்கா நிக்கேன். அன்னைலேர்ந்து ஒறக்கமில்லளா எனக்கு. கல்யாணத்தன்னைக்கும் அப்படி நடந்துச்சுன்னா நான் செத்துருவேன்."

எனக்கு ஒரு நிமிடம் எதுவும் புரியவில்லை. என்னைப் பார்த்து அவளுக்குப் பொறாமை. அவள் முகத்துக்காக நான் பன்னிரண்டாயிரம் ரூபாயோடு பஸ் ஏறி வந்திருக்கிறேன், என் முகத்துக்காக அவள் தன் கன்னத்தைக் கரைக்க வந்திருக்கிறாள். சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கரைப்பதற்குக்கூட அவளிடம் ஏதோ இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது.

"அந்த ஒண்ணும் ஒனக்கே வேணுமா? எனக்கு மவளா மருமவனா, யாரு வந்து குனியப் போறா?" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

டாக்டர் அக்காவை உள்ளே கூப்பிட்டார். கதவு வழியாக அவள் குரல் காதில் விழுந்தது, "பத்து வயசு கூட்டிக் காட்டுத ஊசி இல்லியா டாக்டர்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணம் நெருக்கத்தில் கரைக்க வேண்டாம், முகம் எப்படி வரும் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார். எனக்கு ஊசி போட்டார்கள். எறும்பு கடிக்கிற மாதிரிதான், ஐந்து நிமிடத்தில் முடிந்தது. நான்கு மணி நேரம் படுக்கக் கூடாது, குனிந்து வேலை செய்யக் கூடாது, அன்று முழுக்க நெற்றியைத் தேய்க்கவோ அழுத்தவோ கூடாது என்று நர்ஸ் இரண்டு முறை சொன்னார்.

மதியம் அக்கா வீட்டில் சாப்பாடு. சீலா மீன் குழம்பு, நண்டு வறுவல். இரண்டரைக்குக் கிளம்பினேன். ஊருக்குக் கிளம்புகிறவர்களுக்குச் சிலுவை போட்டு அனுப்புவது எங்கள் வீட்டு வழக்கம். அக்கா என் தலையை ஒரு கையால் பிடித்து, மறு கைக் கட்டைவிரலால் நெற்றியில் அழுத்தி ஒரு சிலுவை போட்டாள். நானும் பழக்கத்தில் காட்டிக்கொண்டு நின்றேன். குறுக்குக் கோடு முடிகிறபோதுதான் இருவருக்கும் உறைத்தது.

"அய்யோ மாதாவே!" என்று விரலை உதறினாள்.

வருடக்கணக்காக ஊசி போட்டுக்கொள்கிறவள் மறந்துவிட்டாளாம். நம்பினேன். பஸ் எட்டயபுரம் தாண்டிய பிறகு நம்பவில்லை. மதுரை வருவதற்குள் மறுபடியும் நம்பினேன்.

ஐந்தாம் நாள் காலையில் இடது கண்ணின் மேலிமை தொங்கிவிட்டது. டாக்டருக்குப் போன் செய்தேன். மருந்து இமையைத் தூக்கும் தசைவரை போய்விட்டால் இப்படி ஆகலாம், அழுத்தியதால்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, அழுத்தாதவர்களுக்கும் சில சமயம் வரும், சில வாரங்களில் சரியாகும் என்றார். படம் அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, கண்ணில் விடும் சொட்டு மருந்து ஒன்றும் சொன்னார். கல்யாணத்தன்று நெற்றி பளிங்கு மாதிரி இருந்தது. இடது கண் பாதி மூடியிருந்தது.

மணப்பாட்டில் பூசை, அங்கேயே மண்டபத்தில் விருந்து. தூத்துக்குடியிலிருந்து சுமார் 55 கிலோமீட்டர், திருச்செந்தூர், குலசேகரன்பட்டினம் வழியாகப் போக வேண்டும். ஜெரோம் இந்த முறை நேராக அக்காவிடம் போய்க் குனிந்தான். அவள் அழுத்திச் சிலுவை போட்டாள், அழுதாள். பிறகு அத்தான், பிறகு மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள். என்னிடம் அவன் வந்தபோது போட்டோக்காரர் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார். நிச்சயத்தன்று அந்த முதல் இடம் எனக்கு அவமானமாக இருந்ததே, இப்போது அதை அக்கா எடுத்துக்கொண்டதும் அடிவயிற்றிலிருந்து எரிந்தது. எனக்கு அது பிடித்திருந்திருக்கிறது, எனக்கே தெரியவில்லை.

சேலை மாற்றுகிற அறையில் ஷைனி என்னைப் பிடித்துக்கொண்டாள். "சித்தி, கண்ணுக்கு என்னாச்சு? உண்மையச் சொல்லுங்க."

சொன்னேன். நிச்சயத்தன்று ஜெரோம் என்னை மூத்தவள் என்று நினைத்ததையும், அதற்காகப் போய் ஊசி போட்டுக்கொண்டதையும்.

அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். "அய்யோ சித்தி! யாரு மூத்தவன்னு அவனுக்கு நல்லாத் தெரியும். மொதல்ல சித்திட்ட போன்னு நாந்தான் சொல்லி அனுப்புனேன். காலேஜ் படிக்கும்போது நாலு வருசம் ஒங்க வீட்லல்லா கெடந்தேன். காய்ச்சல்னா யாரு பாத்தா? ஃபெயிலானப்போ யாரு பக்கத்துல இருந்தா? அம்மாக்கு இன்னைக்கு இருக்குன்னுதான் அன்னைக்கு ஒங்கள மொதல்ல வச்சேன். இதுக்குப் போயா கண்ண இப்படி ஆக்கிட்டீய?"

பிறகு கதவைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "அம்மாட்ட மட்டும் சொல்லிராதீங்க. தாங்க மாட்டா."

இனி போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். தோல் மருத்துவரே ஊசி போட வேண்டும், மருந்துக் குப்பியை உங்கள் கண்முன் திறக்க வேண்டும், என்ன மருந்து என்று எழுதி வாங்க வேண்டும். விசேஷத்துக்கு என்றால் குறைந்தது ஒன்றரை மாதம் முன்னால் போங்கள், ஏதாவது கோளாறு வந்தாலும் சரியாக நேரம் இருக்கும். நெற்றி வரிக்குப் போடாக்ஸ், குழிக்கு ஃபில்லர், மீன் ஊசிக்கு இன்னும் கொஞ்ச காலம் பொறுக்கலாம். எங்கள் ஆட்களாக இருந்தால் ஊசி போட்ட அன்று எந்தப் பெரியவர் வீட்டுக்கும் போகாதீர்கள். முத்து வாங்கலாம் என்று தூத்துக்குடி வருகிறவர்கள் ஏமாற வேண்டாம், கடைகளில் இருப்பது பெரும்பாலும் வெளியூரில் வளர்த்தது. முந்திரி மக்ரூன் வாங்குங்கள், அது இந்த ஊருடையதுதான். யாராவது உங்களை மூத்தவள் என்று நினைத்துவிட்டால், பணத்தை எடுக்கும் முன் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

இப்போது இமை சரியாகிவிட்டது. அக்கா போன வாரம் போன் செய்தாள். அன்று மாப்பிள்ளையை ஏமாற்றியது தன் முகம்தான் என்று இன்னும் நம்புகிறாள், இனிமேல் ஊசியே வேண்டாம் என்று விட்டுவிட்டாளாம். நான் உண்மையைச் சொல்லவில்லை. அவள் தாங்க மாட்டாள் என்பதற்காக என்று நீங்கள் நினைத்தால் என்னை நல்லவளாக்கிவிடுவீர்கள். அவளுக்கு வீடு இருக்கிறது, அத்தான் இருக்கிறார், மகளும் மருமகனும் இருக்கிறார்கள். இது ஒன்று என்னுடையது. இதை அவளுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.